வெட்டி எழுதியது

வாயால் பேசினால் காணும் என்றார் பேரின்பம் மேசன்.
முத்தையன்கட்டில் பாதி வீடு என்ர கைபட்டதுதான்,
ஒருத்தரும் கடதாசி கேட்டதில்லை.

நான் கேட்டேன்.

மகளின் கணக்குக் கொப்பியில் நடுத்தாளைக் கழற்றி
சீமெந்துப் பையின் மேல் வைத்து
எழுதத் தொடங்கினோம்.

வீட்டுத்திட்டத்தில் கிடைத்த வீடு.
கறுத்த மண் மாரிக்கு ஊதும், கோடைக்கு வற்றும்.
குசினிச் சுவர் அடியிலிருந்து முகட்டுவரை பிளந்து கிடக்கிறது.
வெடிப்பின் அகலம் பார்க்க
அஞ்சு ரூபாய்க் குத்தி ஒன்றைச் செருகினார்.
குத்தி உள்ளே விழுந்துவிட்டது.
"இதையும் கணக்கில போடுங்கோ" என்றார்.

அத்திவாரம் தோண்டி, கம்பி கட்டி,
தெற்குச் சுவர் முழுக்கப் புதிதாக.
கூரை இறக்கி ஏற்றும்போது உடையும் ஓடு அவருடையது,
குரங்கு உடைக்கும் ஓடு என்னுடையது.
அடுத்ததில் அரை மணித்தியாலம் நின்றோம்:
சீமெந்து விலை ஏறினால் ஆருக்கு?
ஏறாது என்று அவரும் சொல்லவில்லை, நானும் சொல்லவில்லை.
பாதி பாதி.
மணலுக்குப் பேர்மிற் கிடைக்காத நாளில்
கூலி இல்லை, தேத்தண்ணி உண்டு.

யானை? என்றேன்.
"யானையை எந்தப் பந்தியில போடுறது, பிள்ளை?"
கடைசியில் மழையோடு சேர்த்துவிட்டோம்.
மழை, யானை, செத்தவீடு:
நாள் நீளும், காசு நீளாது.

தோண்டும்போது இரும்பு ஏதும் கண்ணில் பட்டால்
மண்வெட்டியை அந்த இடத்திலேயே வைத்துவிட்டு
எல்லாரும் றோட்டுக்கு வருவது.
கண்ணிவெடி எடுக்கிறவர்கள் வந்து போகும்வரை அரைக்கூலி.
அவர் சொன்னார், நான் எழுதினேன்.
இதற்கு மட்டும் இருவரும் பேரம் பேசவில்லை.

பிறகு கடைசி வரி.
தொண்டையைச் செருமி, கச்சேரித் தமிழில் அவரே சொன்னார்:
"ஆவணி முப்பதாம் திகதிக்குள் வேலையை முடித்து
திறப்பை வீட்டுக்காரியிடம் ஒப்படைப்பேன்."

ஒ எழுதினேன்.
ப் எழுதினேன்.
பேனை நின்றது.
பேனையில் மை இருந்தது.

அந்தச் சொல் எழுதிய தாள்கள்
என் தகரப்பெட்டியில் ஒரு முழம் உயரம்.
எந்த இடத்தில், எத்தனை மணிக்கு, ஆரிடம்,
என்ன நிறச் சேட்டு.
எந்த ஆணைக்குழு வந்தாலும், எந்தப் படிவத்திலும்
ஒரே விடைதான்: நீலக் கோடு போட்டது,
இடது கையில் ஒரு பொத்தான் இல்லை.
வாங்கினவர்கள் ஒரு துண்டு எழுதித் தரவில்லை.
நானும் கேட்கவில்லை.
கேட்கலாம் என்று அப்போது தெரியாது எனக்கு.

பேரின்பம் கொப்பித் தாளைப் பார்த்தார்.
பிறகு கிணற்றடியைப் பார்த்தார், அங்கே ஒன்றுமில்லை.
"அதை வெட்டுங்கோ" என்றார்.
"குடுப்பன் எண்டு போடுங்கோ.
அதுவும் விளங்கும்தானே."
அவர் வீட்டில் ஆர் என்று நான் கேட்கவில்லை.

வெட்டிய இடத்தில் இருவரும் சின்னக் கையெழுத்து வைத்தோம்.
அப்படித்தான் வைக்க வேணுமாம்,
சாட்சிக்கு வந்த சங்கக்கடை ரெஜினா சொன்னாள்.
அவள் பெயரையும் எழுதி
அடையாள அட்டை இலக்கமும் போட்டாள், கேட்காமலே.

முற்பணம் நாற்பதாயிரம் எண்ணி வைத்தேன்.
எடுத்துப் பையில் வைக்காமல்
பேனையை என்னிடமிருந்து வாங்கினார்.
"நில்லுங்கோ. வாங்கினதுக்கு நான் எழுதித் தரவேணும்."
கல் அடுக்குவது போல ஒவ்வொரு எழுத்தாக,
தொகை, திகதி, முழுப்பெயர், தகப்பன் பெயர்.

கீழே இன்னொரு வரி,
சாந்து காயாத விரலின் அடையாளத்தோடு:

சுவருக்குள் ரூபா 5.
சுவர் உடைக்கும் அன்று எடுத்துக் குடுப்பன்.